பின்னால இருக்கற லோட்டுக்குப் பாதை வேணும்னா கிராண்ட்ல (நிலப் பட்டாவுல) ஏத்துங்க

மலேசியாவுல பினாங்கு மாநிலம், புக்கிட் மெர்தாஜம் பக்கம் எங்க அப்பா 1983ல அரை ஏக்கர் நிலம் வாங்கினாரு. ரோட்டுல இருந்து பாத்தா இன்னொருத்தர் லோட்டுக்குப் பின்னால இருக்கற நிலம், அதனாலதான் விலை கம்மியா கிடைச்சுது. முன் லோட்டுக்காரரு வயசானவரு, நல்ல மனுஷன், "ரம்புத்தான் மரத்து ஓரமா போய்ட்டு வா தம்பி, யாரு கேக்கப் போறா"னு அப்பாகிட்ட சொல்லிட்டாரு. அந்த ஒரு வார்த்தைய நம்பி அப்பா வீடு கட்டினாரு, வருஷா வருஷம் மழைக்கு முன்ன ஒரு லோரி கல்லு வாங்கி அந்தப் பாதைல கொட்டி மட்டம் பண்ணுவாரு, நாங்க ஸ்கூலுக்குப் போனது, அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் வந்தது, எல்லாம் அந்த வழியாத்தான். சொன்னவரு காலமாயிட்டாரு, அவரு புள்ளைங்க நிலத்த வித்தாங்க, 2014ல புது ஓனர் வந்தாரு. வந்த மூணாவது மாசம் ஒருநாள் காலைல எழுந்து பாத்தா பாதைக்குக் குறுக்க ரெண்டு தகர டின்னு, நடுவுல சிமெண்ட் ஊத்தி கம்பி நட்டு ஒரு சங்கிலி. அன்னைக்கு அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். வேன் உள்ள வர முடியல. அம்மாவ பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சு நானும் தம்பியும் ரெண்டு பக்கம் பிடிச்சு ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனோம், அம்மா வழி பூரா முந்தானைய வாயில வச்சுட்டு ஒண்ணுமே பேசல.

முப்பத்தோரு வருஷம் நடந்திருக்கோமே, நமக்கு உரிமை இருக்கும்தானேனு நெனச்சு லேண்ட் ஆபிசுக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த ஆபிசர் அம்மா ரொம்பப் பொறுமையா முன் லோட்டோட பதிவ எடுத்துப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க, இதுல உங்க பாதை எங்க எழுதிருக்குனு. எங்கயும் எழுதல. இத எழுதறதே அதுக்காகத்தான், ஏன்னா பினாங்குலயும் கோலாலம்பூர்லயும் நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு இதே மாதிரி வாய் வார்த்தை பாதைலதான் இன்னமும் நடந்துட்டு இருக்காங்க, சங்கிலி விழற வரைக்கும் யாருக்கும் தெரியறதில்ல.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுனு புரிஞ்சுக்கங்க. தீபகற்ப மலேசியாவுல நில விஷயம் எல்லாம் தேசிய நிலச் சட்டம், மலாய்ல கானுன் தானா நெகாரா, 1966 ஜனவரி 1ல அமலுக்கு வந்தது, இப்ப திருத்தி அச்சடிச்சு ஆக்டா 828னு இருக்கு. இந்தச் சட்டத்தோட அடிப்படையே பதிவுதான். பதிவேட்டுல யாரு பேரு இருக்கோ அவருதான் ஓனர், பதிவேட்டுல எந்த உரிமை ஏறியிருக்கோ அதுதான் உரிமை. ரொம்ப நாள் நடந்தேன், ரொம்ப நாள் பயிர் வச்சேன்னு சொல்லி அடுத்தவங்க நிலத்துல உரிமை கேக்க முடியாது, நீண்ட காலம் பயன்படுத்தினதால பாதை உரிமை வராதுனு சட்டமே தெளிவா சொல்லுது. நம்ம ஊரு கதை கேட்டு வளர்ந்தவங்க "இருபது வருஷம் நடந்தா நம்மளுது"னு சொல்லுவாங்க, அது இங்கிலாந்து சட்டத்துல இருந்த வழக்கம், 1966க்கு முன்ன பினாங்குல நிலம் எல்லாம் அந்த மாதிரி பத்திரத்துலதான் ஓடுச்சு, அதனாலதான் அந்தப் பேச்சு இன்னும் பினாங்குப் பெரியவங்க வாயில இருக்கு. ஜார்ஜ்டவுன்ல பழைய வீடு வச்சிருக்கவங்க யாராவது இருந்தா அந்தக் காலத்துப் பத்திரத்துல பாதை எழுதியிருக்கானு பாருங்க, இருந்தா அத தூக்கிப் போடாம லாயர்கிட்ட காட்டுங்க. மத்தவங்களுக்கு அந்த இருபது வருஷக் கணக்கு உதவாது.

இன்னொண்ணு, "எனக்கு வேற வழியே இல்ல, சுத்தி எல்லாம் அடுத்தவங்க நிலம், அதனால சட்டப்படி வழி விட்டே ஆகணும்"னு நெனைக்கறாங்க. அதுவும் தானா வர்றதில்ல. வழி இல்லாத நிலத்துக்கு வழி வாங்கறதுக்குச் சட்டத்துல ஒரு கதவு இருக்கு, ஆனா நீங்க போய் தட்டணும், அத பின்னால சொல்றேன்.

நாடுங்களுக்குள்ள இந்தக் கதை வேற மாதிரி போகும், அத படிச்சப்ப எனக்கு மனசு ஆறலைனுதான் சொல்லணும். இந்தியாவுல போர்த்துக்கீசியர் கைல தாமன் கடற்கரையும், உள்நாட்டுல தாத்ராவும் நாகர் ஹவேலியும் இருந்துச்சு, நடுவுல இருந்தது இந்திய மண்ணு. 1954ல இந்தியா பாதைய நிறுத்தினதும் போர்ச்சுகல் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போச்சு. 1960 ஏப்ரல் 12ல தீர்ப்பு. நூத்தி இருபத்தஞ்சு வருஷமா சாதாரண ஜனங்களும் சிவில் அதிகாரிங்களும் சரக்கும் போய் வந்துட்டு இருந்ததால அந்த வழக்கமே உரிமை ஆயிடுச்சு, ஆனா ராணுவத்துக்கும் ஆயுதப் போலிசுக்கும் ஆயுதத்துக்கும் அந்த உரிமை கிடையாது, போக வர கட்டுப்பாடு விதிக்கற அதிகாரம் இந்தியாவுக்கு உண்டு, 1954ல இந்தியா செஞ்சது தப்பும் இல்லனு நீதிமன்றம் சொல்லிச்சு. அங்க நடந்து பழகினது உரிமை ஆச்சு. நம்ம கம்பத்துல (கிராமத்துல) அப்படி ஆகாது, இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கங்க.

சரி, உங்களுக்குப் பாதை இருக்கா இல்லையானு எப்படிப் பாக்கறது. மூணு காகிதம் வேணும். உங்க கிராண்ட், பக்கத்து லோட்டோட பதிவுத் தேடல், அப்புறம் பிளான். அடுத்தவங்க நிலத்தோட பதிவ நாம எப்படிப் பாக்கறதுனு தயங்க வேணாம், யாரு வேணும்னாலும் காசு கட்டி சாரியான் பண்ணலாம், 384வது பிரிவுப்படி தனியார் தேடல், 385வது பிரிவுப்படி அதிகாரபூர்வத் தேடல், ரெண்டாவதுல முத்திரையோட சான்றிதழ் கைல தருவாங்க, கோர்ட்டுக்குப் போற மாதிரி இருந்தா அதத்தான் எடுங்க. லோட் நம்பரும் முக்கிம் (மாவட்டத்துக்குள்ள வர்ற சின்ன வட்டாரம்) பேரும் இருந்தா போதும். பினாங்குத் தீவுல தீமோர் லாவுட், பாராட் டாயா ரெண்டு மாவட்ட லேண்ட் ஆபிஸ், செபராங் பிறைல வடக்கு, மத்தி, தெற்குனு மூணு. பதிவகக் கிராண்டா இருந்தா மாநிலப் பதிவகத்துல, கிராண்ட் முக்கிமா இருந்தா மாவட்ட ஆபிஸ்ல. கோலாலம்பூர்ல கூட்டரசுப் பிரதேச நில, கனிம இயக்குநர் அலுவலகம்.

கைல வந்ததும் பேரையும் பரப்பளவையும் மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சுடாதீங்க, எங்க அப்பா அதத்தான் பண்ணினாரு. கடைசிப் பக்கத்துல ரெகோட் உருசான்னு (பரிவர்த்தனைப் பதிவு) ஒரு பகுதி வரும், அதுக்குக் கீழ ஹக்மிலிக் (நில உரிமை) சம்பந்தப்பட்ட மத்த விஷயங்கள்னு இன்னொண்ணு. பேங்க் சார்ஜ் (அடமானம்), குத்தகை, கேவியட் (நிலம் கை மாறாம போடற தடை), இஸ்மென், ஹக் லாலு லாலாங் (இந்த ரெண்டும் பாதை உரிமை, பின்னால சொல்றேன்), எது இருந்தாலும் அங்கதான் வரி வரியா நம்பர், தேதி, மணியோட ஏறியிருக்கும். முன் லோட்டுப் பதிவுல உங்க லோட் நம்பரக் குறிப்பிட்டு ஒரு வரி இருந்தா நீங்க பொழைச்சீங்க. வெறுமையா இருந்தா நீங்க நடக்கறது ஓனரோட தயவுல, அவரு மாறினா தயவும் மாறும்.

பிளான் விஷயத்துல கொஞ்சம் நேரம் செலவழிங்க. ஜூபெம்ல, அதாவது அரசாங்க நில அளவைத் துறைல, பெலான் அக்குவி (சான்று பெற்ற அளவைப் பிளான்) கிடைக்கும், அத ஒரு லைசென்ஸ் வச்ச சர்வேயர்கிட்ட குடுத்து நிலத்துல காட்டச் சொல்லுங்க. எதுக்குனா, நீங்க பக்கத்து நிலம்னு நெனச்சுட்டு இருக்கற பாதையே சில சமயம் ரிசாப் ஜாலானா, அதாவது ரோட்டுக்குனு ஒதுக்கின அரசாங்க நிலமா இருக்கும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ரெண்டு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சிட்டு இருந்தாங்க, சர்வேயர் வந்து எல்லைக்கல்லு தோண்டிப் பாத்தா வேலி போட்ட இடமே அவரோடது இல்ல, அரசாங்க ஒதுக்கீடு. அப்படி இருந்தா பேரம் பேச வேண்டியதே இல்ல, லேண்ட் ஆபிசுக்கும் நகராட்சிக்கும் எழுதிக் குடுங்க, அரசாங்க நிலத்த அனுமதி இல்லாம ஆக்கிரமிக்கறது 425வது பிரிவுப்படி குற்றம். வாய்க்கா ஓரமா பாதைனா ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) ஒதுக்கீடா இருக்கலாம், அதயும் கேட்டுப் பாருங்க. ஒரு இடத்த யாரு அளந்தாங்கனு தெரியாம "எங்க தாத்தா சொன்னாரு"னு மட்டும் வச்சு யாருகிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க.

பாதை தனியார் நிலத்துலதான் போகுதுன்னா உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பேசி வாங்கறது, அதுக்குப் பேரு இஸ்மென். இன்னொண்ணு லேண்ட் ஆபிஸ் மூலமா வாங்கறது, அதுக்குப் பேரு ஹக் லாலு லாலாங் பெந்தாட்பிர் தானா, நில நிர்வாகி உண்டாக்கற பாதை உரிமை. என் அனுபவத்துல முதல் வழியத்தான் முதல்ல முயற்சி பண்ணணும், கோவம் எவ்வளவு இருந்தாலும் சரி. காரணம் நாளைக்கும் அவரு முகத்துலதான் முழிக்கப் போறீங்க.

இஸ்மென் நிலச் சட்டத்துல 17வது பாகம், 282வது பிரிவுல இருந்து வரும், பாரமும் அந்தப் பாகத்து நம்பர்லதான், போராங் 17ஏ. ஒரு ஓனர் இன்னொரு ஓனருக்கு, அவரோட நிலத்தோட நன்மைக்காக, தன் நிலத்துல ஒரு உரிமைய எழுதிக் குடுக்கறது. பலன் அடையற நிலம் ஒண்ணு, சுமை தாங்கற நிலம் ஒண்ணு. இதுல முக்கியம் என்னன்னா உரிமை ஆளுக்கு இல்ல, நிலத்துக்கு. பதிவு ஆயிடுச்சுன்னா முன் லோட்ட நாளைக்கு யாரு வாங்கினாலும் அந்தச் சுமையோடதான் வாங்கறாங்க, உங்க லோட்ட உங்க புள்ளைங்களுக்கு மாத்தினாலும் பாதை கூடவே வரும். காலவரை வச்சும் குடுக்கலாம், நிரந்தரமாவும் குடுக்கலாம், நிரந்தரமா கேளுங்க.

எங்க விஷயத்துல புது ஓனர்கிட்ட நேரா நான் போகல, நான் போயிருந்தா வார்த்தை முத்தியிருக்கும். எங்க சித்தப்பா போனாரு, அவரு முப்பது வருஷம் தோட்டத்துல மண்டோரா (மேஸ்திரியா) இருந்தவரு, யாருகிட்ட எப்படிப் பேசணும்னு தெரியும். போனதும் பாதையப் பத்திப் பேசல, அவரோட நிலத்துல தண்ணி தேங்குதே, கான் (வடிகால்) அடைச்சிருக்கா ஐயானு கேட்டாரு. அப்பதான் தெரிஞ்சுது, அவரு கோவமே எங்க மேல இல்ல, நாங்க கொட்டின கல்லால மட்டம் ஏறி மழைத்தண்ணி அவரு பக்கம் பாயுது, வாங்கறப்ப யாரும் அவருகிட்ட பாதைனு சொல்லவும் இல்ல. "நான் காசு குடுத்து வாங்கின நிலத்துல என்னயக் கேக்காம லோரி விடறாங்க ஐயா"னு அவரு சொன்னத சித்தப்பா வந்து சொன்னப்ப எனக்கும் அவரு பக்கம் நியாயம் இருக்குனு பட்டுச்சு. கான் வெட்டிக் குடுக்கறோம், பாதை நடுவுல இல்லாம எல்லை ஓரமா தள்ளிக்கறோம், பதினெட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) நஷ்ட ஈடு, லாயர் சர்வேயர் செலவு எல்லாம் எங்களுதுனு முடிவாச்சு. அதுக்கே ஏழு மாசம்.

பேசி முடிச்சதும் கை குலுக்கிட்டு வந்துடாதீங்க, எங்க அப்பா பண்ணின தப்ப மறுபடி பண்ணாதீங்க. அன்னைக்கே ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்ட ஒப்பந்தம் வேணும், 17ஏ பதிவாகற வரைக்கும் நடுவுல நிலம் கை மாறிடாம இருக்க லாயர்கிட்ட சொல்லி தனியார் கேவியட் போட முடியுமானு கேளுங்க, போட்டா ஆறு வருஷம் நிக்கும். முன் லோட்டு பேங்க்ல சார்ஜ்ல இருந்தா பேங்கோட சம்மதத்தையும் எழுத்துல வாங்கிடுங்க, கிராண்ட்ல செகாத்தான் கெபெந்திங்கான்னு (நிலத்த கை மாத்தறதுக்கு வைக்கற) கட்டுப்பாடு ஏதாவது போட்டிருந்தா மாநில அனுமதி தேவையானு பாக்கணும். அப்புறம் முத்திரைத் தீர்வை, சாட்சிக் கையெழுத்து, பிளானோட பதிவு.

17ஏல என்ன எழுதறீங்கங்கறதுதான் உயிர்நாடி. "பாதை உரிமை"னு ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டா பின்னால அந்த ரெண்டு வார்த்தைக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவாங்க. எங்க லாயர் முதல்ல பத்தடி அகலம்னு எழுதிக் கொண்டு வந்தாரு, சரினு தலையாட்டப் போனேன், நல்லவேளை தம்பி பக்கத்து ஒர்க்‌ஷாப்ல இருந்து ஒரு சின்ன லோரிய வரச் சொல்லி பத்தடிக்குக் கயிறு கட்டி உள்ள விட்டுப் பாத்தான். நேரா வரப்போ வந்துடுச்சு, ரோட்டுல இருந்து திரும்பற இடத்துல இடது கண்ணாடி கயிற இழுத்துட்டு வந்துச்சு. ஆம்புலன்ஸ் எப்படித் திரும்பும், தீயணைப்பு வண்டி எப்படி வரும். உடனே பன்னெண்டு அடி, திரும்பற முனைல மட்டும் பதினெட்டு அடினு மாத்தி சர்வேயர வச்சு வரைஞ்சோம். அதனால அகலம், நீளம், எந்த எல்லை ஓரம், நடந்து மட்டுமா, காரு லோரி எல்லாமா, ராத்திரியும் உண்டா, வீடு கட்டற சாமான் ஏத்திட்டு வரலாமா, கேட் போட்டா சாவி யாருகிட்ட, ரிப்பேர் செலவு யாரு, தண்ணி எந்தப் பக்கம் வடியணும், இவ்வளவும் எழுதுங்க. கூடவே தண்ணிக் குழாய், கரெண்ட் ஒயர், இண்டர்நெட் கேபிள், கான் இதுக்கும் தனியா எழுதுங்க, நடக்கற உரிமைக்குள்ள குழாய் புதைக்கற உரிமை அடங்கிடும்னு நெனச்சுடாதீங்க. நாளைக்கு நிலத்த ரெண்டா பிரிச்சு தம்பியும் ஒரு வீடு கட்டறாப்ல இருந்தா அதையும் இப்பவே சொல்லி வைங்க.

எவ்வளவு பேசியும் மசியல, இல்ல ஓனரயே கண்டுபிடிக்க முடியல, இல்ல ஒரு லோட்டுக்கு இருபது வாரிசு அதுல பாதிப் பேரு வெளிநாட்டுலன்னா, அப்ப ரெண்டாவது கதவு. நிலச் சட்டத்துல 28வது பாகம். உங்க நிலத்துல இருந்து ஒரு பொதுச் சாலைக்கோ, ஆத்துக்கோ, கடற்கரைக்கோ, ரயில் ஸ்டேஷனுக்கோ போக வழி வேணும்னு நில நிர்வாகிகிட்ட மனு போடலாம், சட்டத்துல இந்த நாலையும் பொது முனையம்னுதான் சொல்லியிருக்கு, அந்தக் காலத்துல ஆத்துல படகுலதான் போனாங்கங்கறது இதுலயே தெரியுது. மனு வந்ததும் விசாரணை வைப்பாங்க, பாதிக்கப்படற ஓனருக்கு நோட்டிஸ் போகும், அவரு ஆட்சேபணை சொல்லலாம், இடத்தப் பாப்பாங்க, அளப்பாங்க, நஷ்ட ஈடும் உண்டு, அத மனு போட்ட நீங்கதான் கட்டணும். ஓனர் சம்மதிக்கலைனாலும் நில நிர்வாகி உண்டாக்க முடியும், அதுதான் இதோட பலம். உண்டாச்சுன்னா அதுவும் பதிவுல ஏறிடும்.

ஆனா சும்மா "எனக்கு இது குறுக்கு வழி"னு போனா எடுபடாது, தேவைய நீங்க காட்டணும். மனுவோட வைக்க வேண்டியத முன்கூட்டியே சேத்துக்கங்க: ரெண்டு லோட்டோட தேடல் சான்றிதழ், பிளான்ல சிவப்பு மையில பாதை, சுத்தி நாலு பக்கமும் என்ன இருக்குனு போட்டோ, மத்த பக்கம் ஏன் முடியாது, பள்ளமா, ஆறா, வீடு கட்டியிருக்கா, எத்தனை வருஷமா எந்த வழியா போனீங்க, பேசிப் பாத்ததுக்கு அத்தாட்சியா அனுப்பின கடிதம், வாட்ஸ்அப். நீண்ட நாள் நடந்தது தானா உரிமை ஆகாதுனு சொன்னேனே, இங்க மட்டும் அந்தப் பழைய போட்டோங்களுக்கு மதிப்பு உண்டு, இதுதான் இயல்பான வழி, யாருக்கும் கெடுதல் கம்மினு காட்ட உதவும். அப்பா 1991ல பாதைல கல்லு கொட்டறப்ப எடுத்த ஒரு மங்கின போட்டோ எங்க பைல்ல இருந்துச்சு, பேச்சு முறிஞ்சா மனுவுல வைக்கறதுக்குனு. முடிவு உங்களுக்கு எதிரா வந்தா 418வது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்துல மேல்முறையீடு பண்ணலாம், முடிவு உங்களுக்குத் தெரிவிச்ச நாள்ல இருந்து மூணு மாசம்தான் கெடு, அந்தத் தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. லாயர் வைக்க வசதி இல்லைனா கோலாலம்பூர்லயும் பினாங்குலயும் வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையம் இருக்கு, முதல்ல அங்க போய்க் கேளுங்க.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் சங்கிலிய அறுக்கலாமானு எல்லாரும் கேப்பாங்க. வேணாம். தம்பி அன்னைக்கே கட்டர் எடுத்துட்டு வந்துட்டான், நான்தான் பிடிச்சு நிறுத்தினேன். பதிவு ஆகாத பாதைல இருக்கற வேலிய அறுத்தா சொத்துச் சேதம், அத்துமீறல்னு குற்றவியல் சட்டத்துல நம்ம மேலதான் ரிப்போர்ட் வரும், அதுக்கப்புறம் எந்த விசாரணைலயும் நம்ம முகம் வேற மாதிரி தெரியும். அதுவே பதிவு ஆன பாதைய யாராவது அடைச்சா அப்ப பேச்சே வேற, லாயர் நோட்டிஸ், கோர்ட்டுல தடையுத்தரவு, எல்லாத்துக்கும் கைல ஆதாரம் இருக்கும். நோயாளி வீட்டுல இருந்தா ஒரு தற்காலிக அனுமதிக் கடிதம் மட்டும் கேட்டுப் பாருங்க, "இது உரிமை இல்ல, விசாரணை முடியற வரைக்கும்"னு அவரு எழுதிக் குடுத்தாலும் பரவால்ல வாங்கிக்கங்க, எங்களுக்கு அந்த ஒரு காகிதத்தாலதான் டயாலிசிஸ் வேன் வந்து போச்சு.

நம்ம குடும்பங்கள்ல இன்னொரு பெரிய ஓட்டை இருக்கு. அப்பா பேருல இருக்கற நிலத்த அண்ணன் தம்பி அக்கா தங்கச்சினு பங்கு போடறப்ப, ரோட்டோரத்துப் பங்கு அண்ணனுக்கு, நடுவுல தம்பிக்கு, பின்னால தங்கச்சிக்குனு வாயால பேசி முடிச்சுடுவாங்க, கிராண்ட் ஒண்ணாவே பங்கு எண்ணிக்கையோட கிடக்கும். எல்லாரும் ஒத்துமையா இருக்கற வரைக்கும் பிரச்சனை தெரியாது, அண்ணன் பங்க வித்ததும் தங்கச்சி வீட்டுக்குள்ள அடைபட்டுடுவா. நிலத்த முறையா பிரிச்சா சட்டமே உங்க கூட நிக்கும், பிரிக்கறதுக்கான 136வது பிரிவுல ஒவ்வொரு துண்டுக்கும் சாலைக்கோ ஆத்துக்கோ போக திருப்தியான வழி இருக்கணும்னு நிபந்தனை இருக்கு, வழி காட்டாம பிளான் பாஸ் ஆகாது. பெரியவங்க கையெழுத்து போட உயிரோட இருக்கறப்பவே பிரிச்சுடுங்க, இத சொல்றது அபசகுனம் இல்ல.

வாங்கப் போறவங்களுக்கு: மலிவா ஒரு உள் லோட்டு வந்தா மொதல்ல ரோட்டுல இருந்து லோட்டுக்குள்ள நடந்து போங்க, போறப்ப எத்தனை பேரு நிலத்த மிதிக்கறீங்கனு எண்ணுங்க, அத்தனை பேரு நிலத்துக்கும் சாரியான் எடுங்க. ஏஜெண்டு "எல்லாரும் இப்படித்தான் போறாங்க"னு சொன்னா அத விலைல சேக்காதீங்க, பாதை பதிவாகறத வாங்கற ஒப்பந்தத்துல நிபந்தனையா போடச் சொல்லுங்க.

கோலாலம்பூர்ல இருக்கவங்க அதிகமா கேக்கறது வேலி போட்ட தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி பத்தி. இதுல ரெண்டு வகை. ஸ்ட்ராத்தா கிராண்ட்ல (அடுக்குமாடி மாதிரி வீடு தனிப்பட்டது, மத்த இடம் பொது) கட்டின வேலிக்குள்ள குடியிருப்பு ஒண்ணு, தரை வீட்டுக்கும் ஸ்ட்ராத்தா குடுக்கலாம்னு 2007ல சட்டம் திருத்தினதுக்கு அப்புறம் வந்தது, அங்க உள் ரோடு அந்த வீட்டுக்காரங்களுக்குப் பொதுச் சொத்து, வெளியாளு நுழைய உரிமை கேக்க முடியாது. இன்னொண்ணு சாதாரண தாமான்ல குடியிருப்பாளர் சங்கம் காவல் போட்டது, அங்க ரோடு பொது ரோடுதான், தடுப்பு போட நகராட்சி அனுமதி வேணும். கோத்தா டாமான்சாரால ஒரு தாமான் கேஸ்ல 2015ல கூட்டரசு நீதிமன்றம் சொன்னது என்னன்னா, நகராட்சி அனுமதிச்ச காவல் சாவடியும் தடுப்புக் கம்பும் வெறும் அசௌகரியம், வீட்டுக்காரர் தானே கம்பத் தூக்கிட்டுப் போக வேண்டியிருந்தாலும் அவரு வீட்டுக்குப் போற வழிய மறிச்சதா ஆகாதுனு. அதனால மாதக் காசு கட்டலைனு காவலாளி உங்கள உங்க சொந்த வீட்டுக்கே விடலைன்னா அது வேற, கம்ப நீங்களே தூக்கிக்கங்கனு சொன்னா அது வேற. பின் சந்து, லோரோங் பெலாக்காங், அதுல யாராவது அடுப்படி இழுத்துக் கட்டி உங்க பின் கதவ அடைச்சா டிபிகேஎல்ல (கோலாலம்பூர் மாநகராட்சில) புகார் குடுங்க, 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துல 46வது பிரிவு அதுக்குத்தான்.

கோயில் பாதை பத்தி ரெண்டு வார்த்தை. தோட்டம் வித்து தாமான் வந்த இடத்துல எல்லாம் நம்ம அம்மன் கோயில் நடுவுல நிக்கும், சுத்தி வேலி. பாதை கேக்கறதுக்கு முன்ன கோயில் நிக்கற நிலம் யாரு பேருல இருக்கு, ஒதுக்கீடு நிலமா, தற்காலிக லைசென்ஸா, இல்ல ஒண்ணுமே இல்லையானு பாருங்க, ஏன்னா காலு ஊனற நிலத்துக்கே காகிதம் இல்லைன்னா பாதைக்குக் கேக்கறது ரொம்பக் கஷ்டம். பினாங்குல 1906 சட்டத்துல உண்டான இந்து அறப்பணி வாரியத்துக்குக் கீழ இருக்கற கோயில்னா அவங்க மூலமாவே கேளுங்க. தாமான் பிளான் மேசைல இருக்கறப்பவே நகராட்சில ஆட்சேபணையா எழுதிக் குடுத்தா பாதைய பிளான்லயே வரைய வைக்கலாம், வீடு எழும்பினதுக்கு அப்புறம் தேர் போக அகலம் கேட்டா எங்க இருந்து வரும்.

கடைசியா, 17ஏ பதிவுக்குக் குடுத்தாச்சு, ரசீது கைல இருக்குனு நிம்மதியா இருந்துடாதீங்க. பதிவு முடிஞ்சுதுனு சொன்னதும் ரெண்டு லோட்டுக்கும் புதுசா தேடல் எடுங்க, முன் லோட்டுல சுமையாவும் உங்க லோட்டுல பலனாவும் ஏறியிருக்கானு ரெண்டுலயும் பாருங்க, லோட் நம்பர்ல ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் அன்னைக்கே திருத்தச் சொல்லுங்க. எங்களுதுல உண்மையாவே ஒரு இலக்கம் மாறி இருந்துச்சு, திருத்த அஞ்சு வாரம் ஆச்சு. திருத்தி வந்த அன்னைக்கு அத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், மலாய்ல ஒன்றரை வரி. "இதுல அப்பா பேரு இல்லையா"னு கேட்டாங்க. இல்லம்மா, லோட் நம்பர்தான் இருக்குனேன். அப்ப சரி, மூணு ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கங்கனு சொல்லிட்டு, ஒண்ண அவங்க சாமி படத்துக்குப் பின்னால செருகி வச்சாங்க.